மூச்சண்ணன் சுட்ட காட்சி

அசையாமல் கிடப்பதை ஒரு வேலை என்று சொல்ல முடியுமா?

மூச்சண்ணனைத் தெரிந்தவர்களுக்கு எப்போதாவது இந்தக் கேள்வி வராமல் இருந்திருக்காது. அவருக்குத் தொழில், சினிமாவில் சாவது. சண்டைப் படம், பேய்ப் படம், வெள்ளம் வரும் படம், பஸ் கவிழும் படம் என்று எதில் பிணம் தேவைப்பட்டாலும், கூட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் முதலில் போன் போடுவது அவருக்குத்தான். காமிரா தன்னைத் தாண்டிப் போகிறவரை நெஞ்சு அசையாமல் மூச்சை அடக்கிக் கிடப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பெயர் அப்படி வந்ததுதான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்ப மாட்டார் என்பாள் அவர் மனைவி.

ஒன்றும் செய்யாதவனும் அவரும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருப்பார்கள். வித்தியாசம் உள்ளே இருந்தது. சினிமா ரத்தம் சர்க்கரைப் பாகில் சாயம் கலந்து காய்ச்சுவது. வெயிலில் சற்று நேரம் கிடந்தால் எறும்பு மோப்பம் பிடித்து வந்துவிடும். கழுத்தில் ஏறி, காதோரம் போய், உள்ளே நுழையலாமா வேண்டாமா என்று அது யோசித்துக்கொண்டிருக்கும்போதும் மூச்சண்ணன் செத்தவர் செத்தவராகவே இருப்பார். புதிதாக வரும் பையன்கள் துள்ளி எழுந்து திட்டு வாங்குவார்கள். "அது கடிக்கிறது உன்னை இல்லடா, அந்தப் பொணத்தை" என்பார் அவர். அவர்களுக்குப் புரியாது. அவர் விளக்கவும் மாட்டார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பிணமாக நடிக்கிறவர்கள் முகத்தைக் காட்ட மாட்டார்கள். ஒரு காட்சியில் செத்த முகம் தெரிந்துவிட்டால், அதே படத்தில் அடுத்த வாரம் வேறொரு இடத்தில் அந்த ஆள் சாக முடியாது. குப்புறக் கிடந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம். ஆகவே மூச்சண்ணன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மண்ணைப் பார்த்தபடியே செத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகை, கணுக்காலை, பின்மண்டையை லட்சக்கணக்கான பேர் பார்த்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தவர் யாருமில்லை.

இதில் மனத்தாங்கல் இருந்தது அவருக்கு அல்ல, அவர் மனைவிக்கு.

அவள் வீட்டுக்குக் கீழே இருந்த துணி திருத்தும் கடையில் வேலை பார்த்தாள். கால்சட்டையைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, பொத்தான் வைப்பது. மாடிப்படி ஏறினால் ஓர் அறை, ஒரு சமையல் மூலை, தெருவைப் பார்த்த ஜன்னல். கல்யாணமான புதிதில் ஒருநாள் வேலை முடிந்து மேலே வந்தவள், புருஷன் தரையில் கிடந்த கோலத்தைப் பார்த்து, கையில் இருந்த வாளித் தண்ணீரை அப்படியே அவர் மேல் கொட்டிவிட்டு அலறினாள். "பயிற்சிம்மா" என்று சொட்டச் சொட்ட எழுந்து உட்கார்ந்தார். அன்றிலிருந்து கொஞ்ச காலம், அவர் தூங்கும்போது மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்ப்பது அவளுக்கு வழக்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பழகியும், சில நாள் வைத்துப் பார்ப்பாள்.

அவளுடைய அக்காவுக்கு நாக்கு நீளம். எந்தப் படம் வந்தாலும் பார்த்துவிட்டு மறுநாள் போன் செய்வாள்.

"உன் வீட்டுக்காரரைப் பார்த்தோம்டி."

"எப்படி இருந்தார்க்கா?"

"நல்ல பாதம். வெடிப்புக்கு எதாவது தடவச் சொல்லு."

கல்யாணப் போட்டோவில்கூட மூச்சண்ணன் கண்ணை மூடியிருந்தார். "அதுலயும் பொணம்தானா?" என்று அக்கா கேட்டதை அவள் இரண்டு நாள் மறக்கவில்லை. அவளுக்குப் புகழ் ஆசை எல்லாம் கிடையாது. இவ்வளவு படங்களில் இருக்கிற ஒரு மனிதர் எதிலுமே இல்லாத மாதிரி ஆகிவிட்டாரே என்பதுதான் உறுத்தல். ஒரே ஒருமுறை, பெரிய திரையில், அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். அதை அவள் வெளிப்படையாகவே சொல்லியிருந்தாள். அவரும் "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தார், பல வருஷங்களாக.

அந்தச் சரித்திரப் படம் வந்தபோது அவருக்கு முன்மயிர் முழுக்க நரைத்திருந்தது. கடல் தாண்டி வந்த ஒரு படை உள்ளூர் மக்களை அடக்கி நாட்டைப் பிடித்த கதை. குதிரையும் பீரங்கியும் கதாநாயகனும் மோதுகிற சண்டைகளை வேறெங்கோ வாரக் கணக்கில் எடுத்து முடித்திருந்தார்கள். பிணங்கள் கிடக்கும் சில துண்டுக் காட்சிகளை விட்டால், பாக்கியிருந்தது ஒரே காட்சி. பூட்டிய தானியக் கிடங்கின் முன்னால் ஊர் மக்களைச் சுட்டுத் தள்ளுவது. அதற்கு ஒதுக்கியது இரண்டே நாள். வென்றவர்களையும் எதிர்த்து நின்றவர்களையும் எடுக்க வாரங்கள் வேண்டியிருந்தன, செத்தவர்களை எடுக்க இரண்டு நாள் போதும். இந்தக் கணக்கு அந்தப் படத்துக்கு மட்டும் உரியதல்ல.

ஆனாலும் இயக்குநர் விட்டேற்றியான ஆள் இல்லை. லாரி நிறுத்தும் மைதானத்துக்குப் பின்னால் பலகையில் அடித்து மண் பூசிய கிடங்கின் முன்னால், கூட்டத்தை உட்கார வைத்துப் பேசினார்.

"இதை எல்லாரும் சண்டைன்னு சொல்லுவாங்க. சண்டை இல்லை. இவங்க விளைவிச்ச தானியத்தை அவங்க பூட்டி வச்சுட்டாங்க. பசி. கேட்கலாம்னு வந்திருக்காங்க. கையில ஆயுதம் கிடையாது, வெறும் சாக்குப் பைதான். ஒவ்வொருத்தரும் ஆளுக்கொரு பை எடுத்துக்குங்க. செத்து விழுந்தாலும் பையை விடாதீங்க."

இன்னொன்றும் சொன்னார். "கையைத் தூக்கி உத்தரவு போட்டவன் அந்நியன். ஆனா துப்பாக்கியைப் பிடிச்சவன் நம்மாளு, சம்பளத்துக்குச் சேர்ந்தவன். அவன் கெட்டவன் மாதிரி இருந்தா படம் பார்க்கிறவங்களுக்குச் சௌகரியம். அந்தச் சௌகரியத்தைக் கொடுக்கக் கூடாது."

அதற்கு ஒரு முகம் தேடிக்கொண்டிருந்தார். குழாயடியில் குனிந்து கழுத்து மண்ணைக் கழுவிவிட்டு நிமிர்ந்த மூச்சண்ணன்மேல் அவர் பார்வை விழுந்தது. சாதுவான முகம். யாரிடமாவது வழி கேட்கப் போகிறவர் மாதிரி எப்போதும் சற்று முன்னால் வந்து நிற்கும் முகம்.

"இவரை ஏன் என்கிட்ட காட்டலை?" என்றார் ஏஜென்டிடம்.

"சார், இவர் பொணம் சார்" என்றார் ஏஜென்ட்.

"பொணம் அப்புறம் ஆகட்டும். இந்த ரெண்டு நாளும் சிப்பாய்."

அப்படித்தான் மூச்சண்ணன் துப்பாக்கிக்கு மறுபக்கம் போனார். இன்றைக்குத் தூரத்திலிருந்து வரிசையாகச் சுடுவது, நாளைக்குக் காலை அவர் முகம் மட்டும், திரை நிறைய. குளோசப்.

உடைகளுக்குப் பொறுப்பான காஸ்ட்யூமர் கைக்கு ஆள் போதாமல் கடையிலிருந்து மூச்சண்ணன் மனைவியை ஏற்கெனவே வரவழைத்திருந்தார். சிப்பாய்ச் சட்டைகள் எல்லாம் பயில்வான் அளவில் தைத்தவை. புருஷனை ஒரு நாற்காலிமேல் நிறுத்தி, வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு, அவள் இடுப்பைப் பிடித்தாள், தோளை ஏற்றினாள், காலரைத் திருத்தினாள். பித்தளைப் பொத்தான்களைத் தன் முந்தானையால் துடைத்தாள்.

"நேரா நில்லுங்க."

"நின்னுட்டுத்தானே இருக்கேன்."

"இது நிக்கிறதா? எப்ப விழலாம்னு பார்க்கிற மாதிரி இருக்கு."

அவர் நிமிர்ந்தார். அவள் வாயிலிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு ஓரடி பின்னால் போய்ப் பார்த்தாள். "இந்த முகத்தையா இத்தனை வருஷம் மண்ணுல தேய்ச்சீங்க?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஓ என்று கத்தினார்கள். மூச்சண்ணனுக்கு வெட்கம் காதுவரை ஏறியது.

முதல் டேக்கில்தான் அந்த விபரீதம். துரையாக நடித்தவர் கையைத் தூக்கி இறக்கினார். துப்பாக்கிகள் வெடித்தன. வெற்று வெடிதான், சத்தமும் புகையும் மட்டும். மூச்சண்ணனும் சுட்டார். சுட்டதும் துப்பாக்கி கையிலிருந்து நழுவ, முழங்கால் மடிந்து, தோள் சரிந்து, முகம் மண்ணில் பதிய மிக நேர்த்தியாக விழுந்து செத்துப்போனார்.

முதலில் சிரித்தது எதிரே செத்துக் கிடந்த கூட்டம்தான்.

"அண்ணே, சுட்டது நீங்க! சாக வேண்டியது நாங்க!"

"எங்க வேலையிலயும் கை வைக்கிறியே மூச்சண்ணே!"

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இயக்குநர் தலையில் கையை வைத்தபடி வந்தார். மூச்சண்ணன் எழுந்து மண்ணைத் தட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

"மன்னிச்சுடுங்க சார். வெடிச்சத்தம் கேட்டா உடம்பு தானா விழுந்துடுது."

"பரவாயில்லைங்க. பின்னால ஒரு ஆளை நிறுத்தறேன், இடுப்பைப் பிடிச்சுக்கட்டும்" என்றார் இயக்குநர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யுங்க. கூட்டத்தைப் பார்க்காதீங்க. அதுல ஒருத்தரைப் பாருங்க. கூட்டத்தைச் சுடறது எவனுக்கும் வரும். ஒருத்தரைப் பார்த்துட்டு அப்புறம் சுடறவன் முகம்தான் எனக்கு வேணும்."

இடையில், பெண்கள் போதவில்லை என்று உதவி இயக்குநர் பெண் கத்தியதில், காஸ்ட்யூமர் தையல் மேசையில் இருந்தவளைக் கிளப்பி, தலையில் ஒரு கந்தலைப் போர்த்தி, கையில் சாக்குப் பையைத் திணித்துக் கூட்டத்துக்குள் தள்ளிவிட்டிருந்தார். மூச்சண்ணனுக்கு அது தெரியாது. துப்பாக்கியைத் தூக்கி, யாரைப் பார்க்கலாம் என்று தேடியபோது, குழல் போய் நின்ற இடத்தில் அவர் மனைவி நின்றிருந்தாள்.

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். நீங்களும் நானும் ஒரே படத்தில் என்கிற சிரிப்பு.

துரையின் கை இறங்கியது. அவர் சுட்டார். இந்த முறை விழவில்லை.

அவள் விழுந்தது படு மோசம். முதலில் உட்கார்ந்தாள். துணியைச் சரி செய்தாள். கல் இல்லாத இடமாகப் பார்த்தாள். அப்புறம்தான் செத்தாள். நல்லவேளையாக முன்னால் நின்ற ஒரு தடியன் அவளை மறைத்தபடி விழுந்து காட்சியைக் காப்பாற்றினான்.

கட் சொன்னதும் மூச்சண்ணன் துப்பாக்கியை யாரிடமோ கொடுத்துவிட்டு அவளிடம் ஓடி வந்தார். சிப்பாய்ச் சட்டையோடு அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அடி பட்டுச்சா?"

"நீங்க சுட்டதுலயா?"

"விளையாடாத. முழங்கையைக் காட்டு." கையைத் திருப்பிப் பார்த்தார். லேசான சிராய்ப்பு. "இடது பக்கம் படுக்காத, நெஞ்சு துடிக்கிறது துணியில தெரியும். வலது பக்கம். மூச்சை நெஞ்சுல வாங்காத, வயித்துல வாங்கு. கண்ணை இறுக்கி மூடினா இமை ஆடும், தூக்கத்துல மூடற மாதிரி மூடு. எங்க, காட்டு."

அவள் காட்டினாள். அவர் அவள் தலைக்கடியில் கையைக் கொடுத்துக் கழுத்தைத் திருப்பி வைத்தார். இமை ஆடவில்லை. வயிறும் அசையவில்லை. அவளுக்கு அது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது.

"போதும்" என்றார் அவர்.

அவள் அப்படியே கிடந்தாள். விளையாட்டாக இன்னும் கொஞ்ச நேரம்.

"போதும், எழுந்திரு" என்றார். குரல் மாறியிருந்ததைக் கேட்டு அவள் கண்ணைத் திறந்தாள். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை வீட்டில் அவள் கால் தரையில் பாவவில்லை. சிப்பாய்ச் சட்டையை, காலரை மறுபடி திருத்துவதற்காக, வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். அக்காவுக்குப் போன் போட்டாள்.

"நாளைக்கு குளோசப்க்கா. பாதம் இல்லை. முகம்!"

"கண்ணைத் திறந்திருப்பாரா?"

"திறந்துதான் சுடணும். உன்னை மாதிரி குருட்டாம்போக்குல சுடுவாங்களா?"

போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். அவர் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைச் சுட்டப்போ எப்படி இருந்துச்சு? ரொம்ப நாள் ஆசைதானே?"

சிரித்தார். ஆனால் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது. "அந்தக் காலத்துல அப்படி ஒருத்தன் இருந்திருப்பான், இல்ல?" என்றார். "எதிர்ல தெரிஞ்ச ஆள் நிக்கிறதைப் பார்த்துட்டு..."

"இருந்திருப்பான். அதனாலதானே படம் எடுக்கறாங்க."

"வீட்டுக்குப் போய் என்ன பண்ணியிருப்பான்?"

"சாப்பிட்டிருப்பான். நீங்களும் சாப்பிடுங்க" என்று தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். நூலை ஊசியில் கோத்துக் காலரை எடுத்துக்கொண்டாள். அவர் சாப்பிட்டார்.

மறுநாள் காலை மைதானத்தில் இரண்டு காமிராக்கள் இருந்தன. ஒன்று கிடங்கின் பக்கம், மூச்சண்ணன் முகத்துக்காக. எதிரே ஆள் யாரும் தேவையில்லை, பார்வைக்கு அடையாளமாக ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். "நேத்து யாரைப் பார்த்தீங்களோ அவங்களையே நினைச்சுக்குங்க" என்று இயக்குநர் சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு காமிரா, அது உருண்டு வருவதற்கென்று போட்ட தண்டவாளத்தில், செத்துக் கிடக்கும் கூட்டத்துக்காக. சாயப் பாகைக் குவளையில் கொண்டுவந்து ஒவ்வொருவர் மேலும் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவளும் சாக்குப் பையைப் பிடித்துக்கொண்டு வலது பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அங்கிருந்தே ஒரு கண்ணால் உடைக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டியிருந்தது.

உள்ளே போன மூச்சண்ணன் சட்டையைப் போடவில்லை. மடிப்புக் கலையாமல் காஸ்ட்யூமர் கையில் திருப்பிக் கொடுத்தார். "இது வேண்டாம்ங்க. அந்தப் பழைய துணியில ஒண்ணு கொடுங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இதற்குக் காரணம் பலபேர் சொன்னார்கள். மறுபடி விழுந்துவிடுவோம் என்ற பயம் என்றார் ஏஜென்ட். திரையில் பெரிதாகத் தெரியும் அளவுக்குத் துணிச்சல் கிடையாது என்றாள் அக்கா. சுடுகிறவனாக நினைவில் நிற்க விரும்பாத நல்ல மனசு என்று உதவி இயக்குநர் பெண் சொன்னாள். அது கேட்க நன்றாக இருந்தது, ஆனால் சரி என்று யாரால் சொல்ல முடியும்? அவர் மனைவி ஒரே ஒருமுறை கேட்டாள். "டீ ஆறுது பாரு" என்றார். அதோடு அவளும் விட்டுவிட்டாள்.

இயக்குநர் கோபத்தை விழுங்கிக்கொண்டு வேறொருவனைப் பிடித்துச் சட்டை மாட்டினார். அவனுக்கு முறைக்க மட்டும்தான் தெரிந்தது. படம் வந்தபோது எல்லோரும் அவனைச் சுலபமாக வெறுத்தார்கள். படமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பீரங்கிகள் அழகாக வெடித்தன, கதாநாயகன் அழகாகக் காயப்பட்டான், துரை நினைத்து நினைத்துச் சிரித்தார். ஆனால் கிடங்கு வாசலில் கிடந்தவர்கள்மேல் காமிரா நின்று நின்று போகிற அந்த இடத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. இசை கூட இல்லை. அரங்கில் சிலர் போனை எடுத்துப் பார்த்தார்கள். சிலர் எடுத்த போனை உள்ளே வைத்தார்கள்.

சட்டையைத் திருப்பிக் கொடுத்த அன்று காலை, கந்தல் உடுத்தி, சாக்குப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் கடந்து வந்தார் மூச்சண்ணன். கிடந்தவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். "வா அண்ணே, நம்ம வீட்டுக்கே வந்துட்டியா?" என்றது ஒரு பிணம். அவர் மனைவியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏங்க!" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். "இங்க என்ன பண்றீங்க? அங்க போங்க. உங்க முகத்துக்காகத்தானே அந்தக் காமிரா நிக்குது?"

"தள்ளிப் படு கொஞ்சம்."

"அக்காகிட்ட நான் என்ன சொல்றது?"

"அசையாத. வருது பாரு."

"அமைதி!" என்று யாரோ கத்தினார்கள். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. கோபமா வேறொன்றா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. சாயம் கொண்டுவந்தவர், மூச்சண்ணன் வழக்கம்போல் குப்புறப் படுப்பார் என்று முதுகுக்கு ஊற்றக் குவளையைச் சரித்தபடி காத்திருந்தார். இந்தப் படத்தில் இன்னும் நான்கைந்து இடங்களில் பிணங்கள் வேண்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் ஏஜென்ட் அவர் பெயரைக் கொடுத்திருந்தார்.

தண்டவாளத்தில் காமிரா மெல்ல உருண்டு வரத் தொடங்கியது. மூச்சண்ணன் குவளையை நெஞ்சுப் பக்கம் நகர்த்திக் காட்டிவிட்டு மல்லாந்து படுத்தார். முகத்தை நேராக வானத்துக்குக் காட்டி, வெயில் சுட, இரண்டு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு, மூச்சை நிறுத்தினார்.